வாரம் ஒரு வெட்டு போதுமா? ரப்பர் மரத்தின் செல்லுக்குள் நடப்பது என்ன

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் விவசாயிகளிடையே ஒரு சந்தேகம் தீராமல் இருக்கிறது. பாலுக்காக மரத்தின் பட்டையை ஒன்றுவிட்ட நாள் வெட்டிப் பழகியவர்களிடம், "வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும், நடுவில் மருந்து தடவினால் பால் பெரிதாகக் குறையாது" என்று ரப்பர் வாரியம் சொல்கிறது. கேட்டவர் திருப்பிக் கேட்பதும் நியாயமான கேள்விதான்: பசுவை வாரம் ஒருநாள் கறந்தால் மடி வற்றிப்போகும். மரம் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

ஒப்பீட்டிலேயே சிக்கல் இருக்கிறது. பசுவின் பாலும் ரப்பர் பாலும் வெள்ளையாக இருப்பதைத் தவிர, உருவாகும் விதத்தில் ஒன்றுக்கொன்று தூரம். அந்தத் தூரம் என்ன என்று தெரிய, செல் என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

செல் என்ற பெயர் ஒரு மரப்பட்டையில் கிடைத்தது

உயிருள்ளவை எல்லாம் செல்களால் ஆனவை என்று பள்ளியில் படித்திருப்போம். உயிரணு என்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயர் வந்த கதையில் ரப்பர்க்காரருக்குப் பழக்கமான ஒரு பொருள் இருக்கிறது: பட்டை.

1665-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக், பாட்டில் மூடிக்குப் பயன்படும் கார்க்கை மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் வெளிப்பட்டை. அதில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அறை என்ற பொருளில் அவற்றுக்குச் செல் என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது காலி வீடுகளை. உள்ளே குடியிருந்த உயிர்ப்பொருள் எப்போதோ செத்து உலர்ந்து, சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. ரப்பர் மரத்தில் கத்தி வைக்கும்போது முதலில் உதிர்கிற சொரசொரப்பான பொருக்கும் இதே வகைச் செத்த செல்கள்தான்.

அந்த அறைகளுக்குள் உயிர் இருப்பதும், அந்த உயிர்தான் முக்கியம் என்பதும் மெல்ல மெல்லத்தான் தெளிவானது. 1831-இல் ராபர்ட் பிரௌன், செடிகளின் செல்லுக்குள் ஓர் உருண்டை இருப்பதைக் கவனித்து அதற்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார். 1838-இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-இல் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்தான் அடிப்படை அலகு என்று எழுதினார்கள். 1855-இல் ஃபிர்கோ கடைசிக் கண்ணியைச் சேர்த்தார். இவை சேர்ந்ததுதான் செல் கோட்பாடு:

1. உயிருள்ள எதுவும் ஒரு செல்லாலோ பல செல்களாலோ ஆனது.
2. உயிரின் வேலைகள் அனைத்தும் நடக்கும் மிகச் சிறிய இடம் செல்தான். உணவை உடைத்து ஆற்றல் எடுப்பது, புதுப்பொருள் செய்வது, கழிவை ஒதுக்குவது எல்லாம் அங்கேதான்.
3. புதுச் செல் ஏற்கெனவே இருக்கும் செல் பிரிவதால் மட்டுமே வரும். வெறுமையில் இருந்து வராது.

மூன்றாவதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் பட்டை மறுபடி வளருமா, வளராதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

தாவரச் செல் ஒன்றின் உள்ளமைப்பை இந்தக் கட்டுரைக்குத் தேவையான அளவு மட்டும் பார்ப்போம். வெளியே கெட்டியான செல் சுவர். அதை ஒட்டி உள்ளே மெல்லிய செல் சவ்வு. சவ்வுக்குள் நிறைந்திருக்கும் கொழகொழப்பான திரவம் சைட்டோபிளாசம். அதில் மிதப்பவை: கட்டளை வைத்திருக்கும் நியூக்ளியஸ், ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்யும் ரைபோசோம், நீரும் அமிலமும் சேர்த்துவைக்கும் வேக்குவோல் என்னும் பைகள். பெரும்பாலான தாவரச் செல்களின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டது.

பட்டையின் குறுக்கே ஒரு பயணம்

வெட்டும் பருவத்தில் இருக்கும் ரப்பர் மரத்தின் பட்டை ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்குள் வெளியில் இருந்து உள்ளே போனால் வரிசை இப்படி இருக்கும்:

1. பொருக்கு. செத்த கார்க் செல்கள். வேலை: மழை, வெயில், பூச்சியைத் தடுப்பது.
2. கடினப் பட்டை. கத்திக்கு நறநறவென்று தட்டுப்படும் பகுதி. இதில் கல் செல்கள் நிறைய உண்டு. சுவர் தடித்து இறுகிப்போன செல்கள் அவை. கொய்யாப்பழத்தில் பல்லில் மணல்போல் நெருடுவதும் கல் செல்தான். இங்கே பால் குழாய்கள் குறைவு, இருப்பதும் பழசு, பல இடங்களில் அறுந்தது.
3. மென்பட்டை. இங்கேதான் பால் குழாய்கள் வளையம் வளையமாக, மரத்தைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கின்றன. இலையில் இருந்து சர்க்கரையைக் கீழே இறக்கும் சல்லடைக் குழாய்களும் இங்கேதான்.
4. கேம்பியம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, வழவழப்பான, ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் அடுக்கு. உட்பக்கம் பிரிந்தால் மரக்கட்டை, வெளிப்பக்கம் பிரிந்தால் பட்டை. பால் குழாய் வளையங்கள் அத்தனையும் இதன் பிள்ளைகள்.
5. கட்டை.

பால் குழாய்கள் கேம்பியத்துக்குப் பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. இதுதான் வெட்டுக்காரரின் தலைவலி. ஆழம் போதாமல் வெட்டினால் பாதிப் பால் குழாய்கள் தப்பிவிடும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கேம்பியத்தில் காயம். கேம்பியத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும் என்பது விதி. விடியும் முன் இருட்டில், தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில், அளவுகோல் ஏதுமில்லாமல் கையின் பழக்கத்தை மட்டும் நம்பி முன்னூறு நானூறு மரத்தில் இதைச் செய்கிறார்கள். இதைத் திறன் குறைந்த வேலை என்று சொல்பவர்கள் ஒரு மரத்தில் கத்தி வைத்துப் பார்க்கலாம்.

கேம்பியம் காயப்பட்டால் என்ன ஆகும்? செல் பிரிந்துதான் செல் வரும். பிரிய வேண்டிய செல்களே போய்விட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வராது. சுற்றியுள்ள செல்கள் ஓரத்தில் இருந்து மெல்ல வந்து மூடும், கட்டை முண்டு முண்டாகப் புடைக்கும். அந்த முண்டுகளின் மேல் மறுபடி சீராக வெட்ட முடியாது. தோட்டத்துக்குள் நடந்துபோனால், யார் கையில் எந்தக் காலத்தில் கத்தி இருந்தது என்று மரமே காட்டும்.

சுவரை இடித்துக்கொண்ட செல்கள்

இனி பால் குழாய். முதலில் இவை ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் தனித்தனிச் செல்களாகத்தான் பிறக்கின்றன. வளரும்போது தங்களுக்கு இடையே இருக்கும் சுவர்களைத் தாங்களே கரைத்துவிடுகின்றன. மேலும் கீழும் மட்டுமல்ல, அதே வளையத்தில் பக்கத்தில் இருக்கும் குழாயோடும் அங்கங்கே வழி திறந்துகொள்கின்றன. வரிசை வீடுகளின் நடுச்சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கியது போல. ஒரு வளையத்துக்குள் இருக்கும் பால் இந்த வலைக்குள் பக்கவாட்டிலும் ஓடலாம். அடுத்த வளையத்துக்குப் போக வழி கிடையாது. அதனால்தான் எத்தனை வளையத்தைக் கத்தி தொடுகிறது என்பது இவ்வளவு முக்கியம்.

இந்தக் குழாய்கள் மரத்தில் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. சில பாகை வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் தாழ்வாகவும் சரித்து வெட்டுவதற்குக் காரணம் அதுதான். அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். பால் வழிந்து, அது சேரும் சிரட்டைக்கு (கொட்டாங்குச்சிக்கு) வர ஒரு சரிவும் கிடைக்கும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. சுவர் இல்லாமல் இணைந்துபோன இந்த வலையை எத்தனை செல் என்று கணக்கிடுவது? பல நியூக்ளியஸ்கள், ஒரே தொடர்ச்சியான சைட்டோபிளாசம். பாடப்புத்தகத்தில் வரும் செங்கல் உவமை இங்கே உடைந்துவிடுகிறது. எருக்கு, கள்ளி போன்றவற்றில் இன்னும் விசித்திரம்: ஒரு செல் முளைவிட்ட நாளில் இருந்து கிளைவிட்டு நீண்டு, செடி முழுக்க ஊடுருவுகிறது. மரச்சீனி, அதாவது மரவள்ளி, ரப்பரின் சொந்தக்காரன், இரண்டும் ஒரே குடும்பம். கிழங்கின் தோலைக் கீறும்போது கசியும் பாலும் ரப்பரைப் போல இணைந்த செல்களில் இருந்து வருவதுதான். செல் என்பது ஒரே அளவான செங்கல் என்று நினைக்காமல், சவ்வுக்குள் தன் வேலையைத் தானே நடத்தும் ஒரு குடித்தனம் என்று நினைத்தால் இந்த விதிவிலக்குகள் இடிக்காது.

பால் என்பது எது

இப்போது பசுவுக்கு வருவோம். பசுவின் மடியில் பால் சுரக்கும் செல்கள், தாங்கள் செய்த பாலைத் தங்களுக்கு வெளியே இருக்கும் வெற்றிடத்தில் விடுகின்றன. செல் அப்படியே இருக்கும், பால் வெளியே சேரும். கறப்பவர் எடுப்பது சேமிப்புத் தொட்டியில் இருப்பதை. தொட்டி காலியானால் செல்கள் மறுபடி சுரக்கும், நிரம்பியே கிடந்தால் சுரப்பு நின்றுவிடும்.

பைன் மரத்துப் பிசினும் இப்படித்தான்: செல்களுக்கு வெளியே இருக்கும் கால்வாயில் சேர்வது. பனம்பாளையைச் சீவினால் வடியும் பதநீர் வேறு: சல்லடைக் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும் சர்க்கரைத் தண்ணீரை வழியில் மடக்கிக்கொள்கிறோம்.

ரப்பர் பாலுக்குத் தொட்டி கிடையாது. சிரட்டையில் விழுவது அந்தச் செல்களின் சைட்டோபிளாசமே. செல்லின் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. அதில் ஏறத்தாழ 55 முதல் 65 சதவீதம் தண்ணீர், 30 முதல் 40 சதவீதம் ரப்பர், மீதி புரதம், சர்க்கரை, கொழுப்பு, தாது உப்புகள். ரப்பர் ஒரு கரைசலாக இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத துளி உருண்டைகளாக மிதக்கிறது. ரைபோசோம்கள்கூட அந்தப் பாலில் வந்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பாலை வேகமாகச் சுழற்றினால் மேலே ரப்பர், நடுவில் தெளிந்த நீர், அடியில் லூட்டாய்டு என்னும் சின்னஞ்சிறு பைகள் என்று பிரியும். லூட்டாய்டு ஒருவகை வேக்குவோல். அதற்குள் இருப்பது அமிலத்தன்மை உள்ள திரவம். இதை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து வேலை இருக்கிறது.

உள்ளே இருப்பதை வடித்துவிட்டால் செல் சாக வேண்டாமா? சாகாததற்குக் காரணம், நியூக்ளியஸும் மைட்டோகாண்ட்ரியாவும் பாலோடு வருவதில்லை. அவை குழாயின் உட்சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் தங்கிவிடுகின்றன. சரக்கு போய்விட்டது, பட்டறையும் கணக்குப் புத்தகமும் இருக்கின்றன. இலையில் இருந்து சல்லடைக் குழாய் வழியே சர்க்கரை வர வர, அந்தச் செல்கள் அதை உடைத்து, ஐசோப்ரீன் என்னும் சிறு கண்ணிகளாக்கி, ஆயிரக்கணக்கில் கோத்து மறுபடி ரப்பர் செய்கின்றன. கூடவே புரதம், ரைபோசோம், லூட்டாய்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

இதற்கு நேரம் ஆகும். இழந்ததை ஈடுகட்ட இரண்டு மூன்று நாளாவது வேண்டும். வாரம் ஒரு வெட்டு என்ற யோசனையின் வேர் இங்கே இருக்கிறது.

ஏன் விடியற்காலை

செல்லுக்குள் தண்ணீர் நிறைந்து சுவரை உள்ளிருந்து அழுத்தும். வாடாத கீரை விறைப்பாக நிற்பது இந்த அழுத்தத்தால். பால் குழாயில் விடியும் முன் இந்த அழுத்தம் 10 வளிமண்டலத்துக்கு மேல் இருக்கும். கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல நான்கைந்து மடங்கு. கத்தி பட்டதும் பால் பீறிக்கொண்டு வருவது அதனால்தான்.

வெயில் ஏறினால் இலைகள் தண்ணீரை ஆவியாக்கும். அந்த இழுவையில் பட்டைச் செல்களின் தண்ணீரும் குறையும், அழுத்தம் இறங்கும். பத்து மணிக்கு வெட்டியவருக்கு ஐந்து மணிக்கு வெட்டியவரின் பால் கிடைக்காது.

வெட்டிய பிறகு இன்னொன்றும் நடக்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்ததும் சுற்றியுள்ள செல்களில் இருந்து தண்ணீர் உள்ளே பாய்கிறது. அதனால் முதலில் வரும் பால் கெட்டி, பின்னால் வருவது நீர்த்தது. சிரட்டையில் எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம், அதாவது டி.ஆர்.சி. எவ்வளவு என்பதும் சேர்ந்தால்தான் உண்மையான விளைச்சல் தெரியும்.

தானாக ஏன் நிற்கிறது

ஒரு வெட்டில் பால் ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். குழாய் காலியாகி நிற்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடைபட்டுத்தான் நிற்கிறது. உள்ளே இன்னும் பால் இருக்கும்.

அடைப்பது யார்? லூட்டாய்டு. வெட்டுவாயின் பக்கம் பால் வேகமாக ஓடும்போது இந்தப் பைகள் உடைகின்றன. உள்ளே இருந்த அமிலமும் உப்புகளும் சில புரதங்களும் வெளியே வருகின்றன. ரப்பர் துளிகள் ஒவ்வொன்றும் எதிர்மின் ஏற்றத்தோடு இருப்பதால்தான் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலமும் உப்பும் அந்த ஏற்றத்தைக் கெடுத்ததும் துளிகள் ஒட்டிக்கொள்ளும், புரதம் அவற்றைச் சேர்த்துக் கட்டும். குழாயின் வாயில் ஒரு ரப்பர்த் தக்கை உருவாகிவிடும்.

ரப்பர் ஷீட் அடிக்கிறவருக்கு இது புதுசில்லை. டிரேயில் பாலை ஊற்றி அதில் அளவாக ஃபார்மிக் ஆசிட் கலந்தால் பால் உறைகிறதே, அங்கும் நடப்பது ஏறத்தாழ இதுதான். மரம் தன் ஆசிட்டைத் தானே பையில் கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மறுவெட்டுக்கு வரும்போது வெட்டுக்காரர் முதலில் வெட்டுவாயில் இருந்து உரித்தெடுக்கும் நீண்ட ஒட்டுப்பால் நாடா இருக்கிறதே, அதற்கு அடியில் குழாய் வாய்களை மூடியிருப்பவை இந்தத் தக்கைகள். அவற்றோடு சேர்த்துப் பட்டையை மெல்லிதாகச் சீவினால் குழாய்கள் மறுபடி திறக்கும்.

மரத்தின் கணக்கில் இது காயத்தை ஆற்றும் ஏற்பாடு. பட்டையைத் துளைக்கும் பூச்சியின் வாய் ஒட்டிப்போகும், ஓட்டையும் மூடும். மனிதனின் சிரட்டை இதில் பிறகு வந்து சேர்ந்தது.

மருந்து செய்வது என்ன

பால் கூடுவதற்காகத் தடவும் மருந்து எத்திஃபான். இந்தியாவில் பரிந்துரைப்பது பெரும்பாலும் 2.5 சதவீதச் செறிவில். செல்லுக்குள் போனதும் இது சிதைந்து எத்திலீன் வாயுவை விடுகிறது. வாழைக்காய், மாங்காய் பழுக்கும்போது அவையே உண்டாக்குகிற அதே எத்திலீன். தாவரச் செல்களுக்கு அது ஒரு செய்தி.

பால் குழாய்களில் அந்தச் செய்தி செய்யும் மாற்றங்கள்:

1. தக்கை அடைப்பது தாமதமாகிறது. பால் கூடுதல் நேரம் ஓடுகிறது.
2. சுற்றியுள்ள செல்களில் இருந்து தண்ணீர் எளிதாக உள்ளே வருகிறது.
3. குழாய்கள் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்கின்றன. ரப்பர் செய்யும் வேலை முடுக்கிவிடப்படுகிறது.

முதல் இரண்டும் எடுப்பதைக் கூட்டுபவை. மூன்றாவது மட்டும்தான் செய்வதைக் கூட்டுகிறது, அதுவும் இலையில் இருந்து சர்க்கரை வந்தால். அதனால் எத்திஃபானை உரம் என்று நினைப்பது தவறு. ஒன்றுவிட்ட நாள் வெட்டிக்கொண்டே மருந்தும் தடவினால், ஈடுகட்ட நேரம் கிடைக்காத செல்லில் இருந்து மேலும் மேலும் வடிக்கிறோம். கொஞ்ச நாள் சிரட்டை நிறையும். டி.ஆர்.சி. இறங்கும். பிறகு விலை கொடுக்க வேண்டிவரும்.

இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் வெட்டை நிறுத்துவதும் இதே கணக்கில்தான் வருகிறது. சர்க்கரை செய்ய இலை இல்லை, இருக்கும் சேமிப்பும் தளிருக்குப் போகிறது.

வாரம் ஒரு வெட்டின் கணக்கு

மேலே சொன்னவற்றைச் சேர்த்தால் தொடக்கக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒன்றுவிட்ட நாள் வெட்டும்போது செல் முழுதாக ஈடுகட்டும் முன்பே அடுத்த வெட்டு விழுகிறது. வாரம் ஒருமுறை என்றால் குழாய்கள் நிறைந்திருக்கும், ஆனால் மருந்து இல்லாமல் வெட்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தக்கை அடைத்து, நிறைந்திருப்பதில் பெரும்பகுதி உள்ளேயே நின்றுவிடும். தக்கையைத் தள்ளிப்போடத்தான் மருந்து. அதனால்தான் இரண்டும் ஒன்றாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் கணக்கு உதைக்கும். மருந்தில்லாமல் வாரம் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு "இது சரிப்படாது" என்று சொல்பவர்கள் பாதிச் சோதனைதான் செய்திருக்கிறார்கள்.

ஒரு வெட்டுக்கு வரும் பால் கணிசமாகக் கூடும். ஆண்டு மொத்தம், சரியாகச் செய்தால், பழைய முறைக்கு நெருக்கமாக வரும். உண்மையான லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஆள். அதே வெட்டுக்காரர் வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொகுதி மரம் என்று சுற்றி வரலாம், வெட்ட ஆள் கிடைக்காமல் சும்மா கிடக்கும் சிறு தோட்டங்களுக்கும் ஆள் கிடைக்கும். இன்னொன்று, பட்டை.

பட்டைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்றுவிட்ட நாள் முறையில், மழைநாளும் ஓய்வும் போக ஆண்டுக்கு 150 வெட்டு என்று வையுங்கள். ஒரு வெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் பட்டை போனால் ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர். ஒட்டுக்கன்று மரத்தில் தரையில் இருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டைத் தொடங்கிக் கீழே இறங்குகிறோம். அடியில் ஒரு 15 சென்டிமீட்டரை விட்டால் மிச்சம் 110. ஐந்து ஆண்டில் ஒரு பக்கம் முடிந்துவிடும். வாரம் ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு 50. இடைவெளியில் வெட்டுவாய் கூடுதலாகக் காய்வதால் கொஞ்சம் தடிமனாகச் சீவ வேண்டும், 2 மில்லிமீட்டர் என்றே வைப்போம். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர், ஒரு பக்கம் 11 ஆண்டு.

முதல் முறையில் இரண்டு பக்கமும் பத்தாண்டில் முடிந்து, கேம்பியம் புதிதாகச் செய்து கொடுத்த பட்டைக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது முறையில் 22 ஆண்டு கன்னிப்பட்டையே, அதாவது முன்பு கத்தி படாத பட்டையே கிடைக்கிறது. புதுப்பட்டைக்கும் வளர அத்தனை அவகாசம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். வெட்டுவாய் நனைந்தால் பால் வழிந்து வீணாகும், பட்டையில் பூஞ்சை பிடித்து அழுகும். வாரத்துக்கு ஒருநாளே வெட்டு என்ற முறையில் அந்த ஒருநாள் மழையில் போனால் இழப்பு பெரிது. எனவே பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டாமல் இந்த முறைக்குப் போவது வீண் என்பது என் கருத்து.

பட்டை உலர்தல்: செல்லுக்குள்ளேயே உறைந்த பால்

வெட்டுகிறோம், பால் வரவில்லை. வெட்டுக்கோட்டில் ஒரு பகுதி மட்டும் காய்ந்து கிடக்கிறது, பிறகு முழுக் கோடும். சில மரங்களில் பட்டை பழுப்பாகி வெடிக்கிறது. மரம் என்னவோ பச்சைப்பசேல் என்று நிற்கிறது. இதைத் தொற்றுநோய் என்று நினைத்து மருந்துக்கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. இதற்குக் காரணம் இன்ன கிருமிதான் என்று உறுதியாகவில்லை. பெரும்பாலும் இது செல்லின் களைப்பு.

ஓயாமல் வடித்த செல்களில் வேதிவினைகள் நிலைகுலைந்து, தீங்கு செய்யும் ஆக்சிஜன் வகைகள் கூடுகின்றன. அவை லூட்டாய்டுப் பைகளின் சவ்வைச் சிதைக்கின்றன. வெட்டுவாயில் உடைய வேண்டிய பை, குழாயின் உள்ளேயே உடைகிறது. அப்புறம் நடப்பது தெரிந்த கதை: பால் செல்லுக்குள்ளேயே உறைந்துவிடுகிறது.

ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி வேறு. இங்கே பரவலாக இருக்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105, கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட ரகம். நல்ல பால், ஆனால் அடிக்கடி வெட்டினால் இந்தக் கோளாறு எளிதில் வரும். இந்த ரகத்து மரங்கள் அனைத்தும், வேர்ப்பகுதியைத் தவிர, ஒரே தாய்மரத்தின் மொட்டுகள் பிரிந்து பிரிந்து வந்தவை. கீரிப்பாறையில் நிற்பதும் கோட்டயத்தில் நிற்பதும் மரபணுவில் ஒன்று. ஆகவே ஒரு தோட்டத்தில் பத்து மரம் உலரத் தொடங்கினால், அதே வெட்டுக்கு ஆளான மற்ற மரங்களும் அந்த விளிம்பில்தான் நிற்கின்றன என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தோட்டத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

1. பால் திடீரென்று அளவில் கூடி, நீர்த்து வருவது. டி.ஆர்.சி. தொடர்ந்து இறங்குவது.
2. வழக்கத்தைவிட நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருப்பது.
3. வெட்டுக்கோட்டில் அங்கங்கே பால் கசியாத சிறு திட்டுகள்.

மூன்றாவது தெரிந்த மரத்தில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, வெட்டையும் மருந்தையும் நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்திலேயே நிறுத்தினால் சில மாத ஓய்வில் பல மரங்கள் தேறும். முழுக்கோடும் உலர்ந்து பட்டை வெடித்த பிறகு அந்தப் பக்கத்துக் குழாய்கள் திரும்புவது அரிது. மறுபக்கத்துப் பட்டையிலோ, கேம்பியம் புதிதாகத் தரும் வளையங்களிலோதான் மீண்டும் கத்தி வைக்க முடியும்.